பட்டிப் பொங்கலன்று எழும்பாத மாடு

எங்கள் வீட்டுப் படமொன்றின் பின்புறம், "பட்டிப் பொங்கல், பிராண்டே" என்று அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார். ஆண்டு போடவில்லை. படத்தில் எனக்கு முன்பற்கள் இல்லை; ஆகவே நான் முதலாம் வகுப்பில் இருந்த தை மாதம் என்று கொள்கிறேன். தைப்பொங்கலுக்கு மறுநாள், மாடுகளுக்கு உரிய நாள்.

அப்பாவுக்கு அந்த டேனிஷ் ஊரின் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. வார இறுதிகளில் ஒரு பால்பண்ணைக்கும் போவார். அங்கே முழுநேரம் வேலை செய்தவர் உகண்டாவிலிருந்து வந்த ஒரு கவிஞர். அவருடைய ஊரில் மாடுகளைப் புகழ்ந்து பாடுவது பெரிய கலை. டென்மார்க்கில் மாடுகளுக்குப் பெயரில்லை, காதில் இலக்கம்தான். அவர் அந்த இலக்கத்தையே பாட்டாக்கிவிடுவார். வேலை போனால் அவருடைய விசாவும் போய்விடும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன்.

அன்று காலை அப்பா என்னையும் ஒரு பானை சர்க்கரைப் பொங்கலையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். முதல்நாள் கன்று ஈன்றிருந்த மாட்டின் முன்னால் இருந்த தொட்டியில் பானையைக் கவிழ்த்தார்.

கவிஞர் சிரித்தபடி டேனிஷில் கேட்டார். "உங்கட ஊரில மாட்டுக்கு வருசத்தில ஒரு நாள்தானா விருந்து?"

மத்தியானம் மாடு படுத்துவிட்டது. தட்டியும் தள்ளியும் எழும்பவில்லை. முதலாளி வந்தார். தொட்டியில் ஒட்டியிருந்த சோற்றைக் கண்டார். வெளிச் சாப்பாடு எதுவும் மாட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்பது பண்ணையின் கண்டிப்பான விதி.

"இதை யார் போட்டது?" என்று கேட்டார்.

அப்பாவின் கை என் விரல்களை நெரித்தது.

"நான்தான்," என்றார் கவிஞர்.

வீட்டில் எதற்கும் டேனிஷில் பதில் சொல்லுகிற நான், அன்று தமிழுக்கு மாறினேன். "நீங்கள்தானே அப்பா குடுத்தனீங்கள்?"

"வாயைப் பொத்து பிள்ளை."

மிருக வைத்தியர் வந்து மாட்டின் கழுத்தில் கல்சியம் ஏற்றினார். ஈன்ற மாடுகளுக்கு இப்படி வருவதுண்டு என்றார்; இனியும் எழும்பாவிட்டால் கொல்லத்தான் வேண்டும் என்றும் சொன்னார். முதலாளி கவிஞரைத் திரும்பிப் பார்த்தார். "மாடு போனால் நீயும் போகலாம்."

கவிஞர் மாட்டின் தலைமாட்டில் போய் நின்றார். இரு கைகளையும் கொம்புகள்போல் உயர்த்தி, மூச்சு விடாமல், தன் மொழியில் வேகவேகமாகச் சொல்லத் தொடங்கினார். நடுவில் அந்த இலக்கம் மட்டும் எனக்கு விளங்கியது. அப்பா ஒருமுறை வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார்.

மாடு பெருமூச்சு விட்டது. பின்னங்கால்களை ஊன்றியது, சறுக்கியது, மறுபடி ஊன்றியது. எழுந்து நின்றது.

நான் கைதட்டினேன். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். "இனி இந்த விளையாட்டு வேண்டாம்," என்று கவிஞரின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெறும் பானையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். மாடுதான் எழும்பிவிட்டதே, பிறகு ஏன் இந்த முகம் என்று எனக்கு விளங்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒடென்சே நகரில் ஒரு கூட்டத்தில் கவிஞர் தம் கவிதைகளை வாசித்தபோது, அன்று சொன்ன பாட்டு எதுவென்று கேட்டேன். இன்னமும் அவருக்குப் பண்ணை வேலைதான்.

"அது எழுப்புகிற பாட்டில்லை, மகளே. மாட்டை வழியனுப்புகிற பாட்டு," என்றார்.

மாடு விழுந்தது பொங்கலாலா, கன்று ஈன்றதாலா என்பதை மட்டும் என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை. சோற்றைப் பற்றி அன்று வைத்தியரிடம் யாரும் சொல்லவில்லை.