கையைப் பிடித்து இழுக்காதேங்கோ

எங்கள் தீவுப் பக்கத்தில் ஒருவருக்கு உதவி செய்ய நினைத்தால் முதல் வேலையாக அவருடைய கையைப் பிடித்து இழுப்பார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் இது சட்டம் மாதிரி. படகுக்குள் ஒருவர் நின்று இழுப்பார். பின்னால் நிற்பவர் முதுகில் கைவைத்துத் தள்ளுவார். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், நயினாதீவுக்குக் கும்பிடப் போகிற வெளியூர்ச் சனம் எல்லோரையும் இப்படித்தான் ஏற்றுகிறார்கள். இரண்டு காலும் ஒழுங்காக இருப்பவர்களுக்கு இதில் உள்ள பிழை தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நான் விழுந்தேன்.

நான் நயினாதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. வீடு கடலுக்கு இந்தப் பக்கம், குறிகட்டுவான் இருக்கிற புங்குடுதீவில், மடத்துவெளியில். ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்த விபத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். 'ஐயோ பாவம்' கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. செயற்கைக் கால் பொருத்தினார்கள், நடக்கப் பழகினேன், மறுபடி வேலைக்குப் புறப்பட்டேன். அந்த முதல் நாளே படகுக்குள் ஒரு தக்காளிப் பெட்டியின் மேல் விழுந்தேன்.

விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் என்று ஆஸ்பத்திரியில் பழக்கியிருந்தார்கள். படிக்கட்டுக்கு அது சரி. படிக்கட்டு ஆடுவதில்லை. படகு துறையைவிடத் தாழ்வாக நின்றதால், இறங்குகிறேன் என்று நினைத்துச் செயற்கைக் காலை முதலில் வைத்தேன். அந்தப் பாதத்துக்குக் கீழே பலகை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அது உணராது. அதே நேரம் படகுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். பின்னால் நின்ற ஒரு அம்மா புண்ணியத்துக்குத் தள்ளினார். தோளில் தொங்கிய பை வேறு ஒரு பக்கம் ஆடியது. என் பாரம் என் காலுக்கு மேலே இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு யாராக இருந்தாலும் விழத்தான் வேண்டும்.

தக்காளிக்காரி கத்தினாள். படகுக்காரர் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, "ரீச்சர், இனிமேல் கூட ஒராளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தனிய ஏத்தேலாது. கடலுக்கை விழுந்தால் ஆர் பதில் சொல்றது?" என்றார்.

அன்று மத்தியானமே கதை அதிபருக்குப் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை பிடிக்க எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ரீச்சர், தனிய வந்துபோக ஏலாதெண்டால் யாழ்ப்பாணத்திலை ஒரு கந்தோருக்கு மாற்றம் கேளுங்கோவன். நானே எழுதித் தாறன். இருந்து செய்யிற வேலை" என்றார்.

இருந்து செய்கிற வேலை! கதிரையில் இருந்து தாள் அடுக்குவதற்கா நான் விளையாட்டு ஆசிரியை ஆனேன்? தினமும் கூட வர எனக்கு ஆளும் இல்லை. என் கணவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பாரா, என்னைச் சாமான் மாதிரி ஏற்றி இறக்குவாரா? படகில் தனியாக ஏற முடிந்தால் மைதானம் எனக்கு. முடியாவிட்டால் கந்தோர். விஷயம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். மைதானத்தில் இரும்புக் குண்டு போடப் பழக்கும்போது பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: கையால் எறியாதே, காலால் எறி. பின்காலில் பாரத்தை வை. அது இடுப்புக்கு ஏறட்டும், இடுப்பு திரும்பட்டும், கடைசியில்தான் கை. எறிந்து முடிந்ததும் பாரம் முன்காலுக்கு வந்து நிற்க வேண்டும். இதைக் கேளாமல் கையால் தள்ளுகிற பிள்ளை குண்டோடு சேர்ந்து தானும் விழும். படகிலும் கையில்தான் எல்லோருக்கும் நம்பிக்கை. என் காலை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஆடுகிற பலகையில் நல்ல கால்தான் முதலில் போக வேண்டும். அதற்குத்தான் பலகையை உணரத் தெரியும். அப்படியென்றால் துறையின் விளிம்பில் நான் செயற்கைக் காலில் மட்டும் நின்று, படகு மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். இதுதான் பயம். அந்தக் காலில் தனியாக நிற்பதை நான் அதுவரை தட்டிக்கழித்துக்கொண்டே வந்திருந்தேன். எல்லோரையும் திட்டிக்கொண்டு அதை மறைத்தேன்.

உழவு மெசினின் பழைய ரியூப்பைக் காற்றடித்து, முற்றத்தில் போட்டு, மேலே ஒரு பலகையை வைத்தோம். பக்கத்தில் சீமெந்துக் கல்லடுக்கு. அது துறை. கணவர் பலகையின் ஒரு முனையை அமத்தி அமத்தி விடுவார். அது படகு. நான் கல்லில் நின்று, பலகை மேலே வந்து ஒரு கணம் நிற்கும்போது இடது காலை வைக்க வேண்டும். கீழே போகிற பலகையில் வைத்தால் முதுகெலும்பு வரை குலுங்கும்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்தார். "என்ன ரீச்சர், சேர்க்கஸுக்கு ஆள் எடுக்கினமே?"

"ஓம் அக்கா, உங்களுக்கும் ஒரு இடம் இருக்கு. குரங்கு தேடுகினம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு அங்கேயே நின்று பார்த்தார். போகவே இல்லை.

பல தடவை விழுந்தேன். கணவர் ஒருமுறை பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "விடுங்கோ!" என்று கத்தினேன்.

"விழப் போறீர் எண்டுதானே பிடிச்சனான்."

"நீங்கள் பிடிச்சதாலைதான் விழுந்தனான். பிடிக்க வேணுமெண்டால் நான் பிடிப்பன். நீங்கள் மரம் மாதிரி நில்லுங்கோ."

அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அடுத்த தடவை மரம் மாதிரி நின்றார். இழுக்கிற கை என் பாரத்தை வெளியே கொண்டுபோகிறது. அசையாமல் நிற்கிற கையை நான் பிடித்தால் என் பாரம் என் காலுக்கு மேலேயே இருக்கிறது. இதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. செய்து பார்த்தால்தான் தெரியும். தொடைத் தசை நடுங்கி, செயற்கைக் காலின் குழிக்குள் தோல் கன்றிப்போனபோது ஓய்வெடுத்தேன். தோல் ஆறியதும் மறுபடி ஏறினேன். கடைசியில் வலது காலில் நின்றுகொண்டு கணவரைத் திட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு காலையில் தனியாகக் குறிகட்டுவானுக்குப் போனேன். கோயில் சனம் துறை முட்ட நின்றது. படகுக்காரர் என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஆள் எங்கை ரீச்சர்?"

"நான்தான் ஆள். அண்ணை, என்னைத் தொடாதேங்கோ. நானே வருவன்."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. கையைத் தாங்கோ."

"தரமாட்டன். நீங்கள் கையை நீட்டிக்கொண்டு சும்மா நில்லுங்கோ. இழுக்கக் கூடாது."

"இழுக்காமல் என்னெண்டு ஏத்திறது?" அவர் உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டார். வாழ்நாள் முழுக்க இழுத்தே ஏற்றியவர். பின்னால் யாரோ, "அம்மா, கெதியா!" என்றார். என் முதுகில் ஒரு கை பட்டது. படகுக்காரரின் கை என் தோளை நோக்கி வந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கோபத்தில் செய்தேன். தோளில் இருந்த பையைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து அவருடைய நெஞ்சுக்கு எறிந்தேன். உள்ளே சப்பாத்து, சோற்றுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் இருந்தன. பாரமான பை. அவருக்கு அதைப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. பாரம் பின்னால் இருந்த வலது காலில் தொடங்கி, இடுப்பால் திரும்பி, கையால் வெளியே போனது. எறிந்ததும் உடம்பு தானாக முன்னுக்கு வந்தது. படகு அப்போதுதான் மேலே வந்து நின்றது. இடது காலை வைத்தேன். முழங்கால் மடிந்து அந்த ஆட்டத்தை வாங்கியது. வலது கால் பின்னால் வந்து சேர்ந்தது. குண்டு எறிகிற பிள்ளை இப்படி வளையத்தைத் தாண்டினால் பிழை என்று நான் சிவப்புக் கொடி காட்டுவேன்.

படகுக்காரர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன ரீச்சர், கல்லே கொண்டுபோறியள்?" என்றார். சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த பலகையில் போய் இருந்தேன்.

நயினாதீவில் இறங்கும்போது எறிவதற்கு ஒன்றும் இல்லை. பை அவர் தோளிலேயே தொங்கியது. அவர் முதலில் துறையில் ஏறி நின்று கையை நீட்டினார். விரல்கள் மூடப் பார்த்தன. "அண்ணை!" என்றேன். விரல்களை விரித்துப் பலகை மாதிரி விறைப்பாகப் பிடித்தார். நான் அந்தக் கையைப் பற்றினேன், நல்ல காலை மேலே வைத்தேன், ஏறினேன்.

பள்ளிக்கூட வாசலில் அதிபர், "ஆர் கூட வந்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்லை, சேர். மாற்றத்துக்கு எழுத வேண்டாம்."

அவர் சரி என்று தலையாட்டினார். நான் மைதானத்துக்குப் போனேன்.

இப்போதும் போய்வருகிறேன். சோழகக் காற்று அடித்துப் படகு கண்டபடி குதிக்கிற நாட்களில் நின்று ஏறுவதில்லை. துறையின் விளிம்பில் இருந்து, கால்களைத் தொங்கப் போட்டு, அரக்கி அரக்கி உள்ளே இறங்குவேன். பார்க்க அழகாக இராது. சீலை அழுக்காகும், சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அப்படி இறங்கும்போதும் என்னை யாரும் தொடுவதில்லை. புதிதாக வருகிறவர்கள் கையை நீட்டினால், "ரீச்சரை இழுக்காதேங்கோ, பையாலை எறிவா" என்று படகுக்காரரே தடுத்துவிடுகிறார்.