தொழில்நுட்பக் கோளாறுக்கு ஒரு மறுப்பு

என் நாத்தனாருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் "கோளாறு". சின்னவர்கள் கோளாறு அக்கா என்பார்கள். வேறு யாராவது என்றால் சண்டைக்குப் போயிருப்பார்கள். இவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அவள் வேலை பார்ப்பது ஒரு செய்தி நிறுவனத்தில். செய்தி எழுதுவது அவள் வேலை இல்லை. எழுதிய செய்தியை இணையதளத்தில் ஏற்றும் வழியை அமைப்பது, அது வாசகர்களின் போனில் டிங் என்று அலர்ட்டாக விழச் செய்வது, கூட்டம் அதிகமானால் தளம் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. மூன்றாம் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறை. ஜன்னல் கிடையாது. ஏசி உண்டு, ஆனால் அது மனிதர்களுக்கு இல்லை, மெஷின்களுக்கு. இவள் வருஷம் முழுக்க சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அங்கே இருந்த ஒரு பழக்கம். யார் தப்பு செய்தாலும் தளத்தில் வருகிற வருத்தக் குறிப்பு ஒன்றேதான்: "தொழில்நுட்பக் கோளாறால் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறோம்." அமைச்சரின் படத்துக்குப் பதிலாக அவர் மச்சானின் படத்தைப் போட்டாலும் தொழில்நுட்பக் கோளாறு. தோற்ற அணியை ஜெயித்ததாக எழுதினாலும் தொழில்நுட்பக் கோளாறு. தொழில்நுட்பம் என்று அங்கே இருந்ததோ இவளும் இன்னும் இரண்டு பேரும்தான். பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டில் இவள் இதற்கு நேர்மாறு. ஒரு நாள் பால் பொங்கி வழிந்துவிட்டது. "இந்த அடுப்பே சரியில்ல" என்றேன். "அடுப்பு என்ன பண்ணுச்சு அண்ணி? நீங்க போன்ல இருந்தீங்க, அது அதோட வேலையப் பாத்துச்சு" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று காபியே போடவில்லை. மெஷின் மேல் யாராவது பழி போட்டால் அவளுக்குப் பொறுக்காது. இப்படிப்பட்டவள் எப்படி அந்தக் குறிப்பை இத்தனை காலம் தன் கையாலேயே ஏற்றிக்கொண்டிருந்தாள் என்று கேட்டால், "வேலைன்னா கொஞ்சம் விழுங்கித்தான் ஆகணும் அண்ணி" என்பாள்.

விழுங்க முடியாத ஒன்று ஒரு மதியம் வந்தது.

பெரிய மனிதர்கள் கொஞ்சம் தள்ளாடத் தொடங்கினாலே, செய்தி நிறுவனங்களில் அவர்களுடைய இரங்கல் செய்தியை எழுதித் தயாராக வைத்துவிடுவார்களாம். தேதி மட்டும்தான் பாக்கி இருக்கும். இது என்ன அநியாயம் என்றேன். ஆனால் அதில் இவள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள். இரங்கல் செய்தி ஒருவர் அழுத்தினால் போகாது. இரண்டாவது ஆளும் படித்துப் பார்த்து அழுத்த வேண்டும். செய்தி ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவது ஆளைத் தேடுவதற்குள் மற்றவர்கள் முந்திவிடுகிறார்களாம். தனக்கு மேலே இருக்கும் ஆசிரியரிடம் போய் நின்று, தனக்கு மட்டும் அந்த இரண்டு பேர் பூட்டை எடுக்க வைத்தார். வேண்டாம் சார் என்று இவள் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். நடக்கவில்லை.

அன்று யாரோ போனில் சொன்ன வதந்தியை நம்பி, செய்தி ஆசிரியர் ஒரே அழுத்தாக அழுத்திவிட்டார். வயதான நாடக நடிகர் ஒருவர் காலமானார் என்று ஊருக்கே டிங். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் என் போனும் டிங் என்றது. அவர் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். காத்திருந்த நோயாளிகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

அவர் அப்போது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய மகள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே வரவேற்பில் இருந்தவர், "செய்தியில கோளாறா? அப்ப டெக்னிக்கல்தான்" என்று இணைப்பை மூன்றாம் மாடிக்குத் தள்ளிவிட்டார்.

"எங்கப்பாவ சாகடிச்சது நீங்கதானா?" என்றாள் அந்த மகள். "அம்மா அந்த மெசேஜைப் பாத்துட்டு மயங்கி விழுந்துட்டாங்க. எதிர்ல அப்பா உக்காந்திருக்காரு, அவரையே பாத்துட்டு விழுந்துட்டாங்க."

வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கலாம். இவள் சொன்னது வேறு. "மன்னிச்சுடுங்க. மெஷின் தானா எதையும் அனுப்பல. ஒருத்தர் விசாரிக்காம அழுத்திட்டார். அதை எங்க ஆபீஸே சொல்லும். நான் சொல்ல வைக்கிறேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். ஐந்து நிமிஷத்தில் ஆசிரியர் அறையிலிருந்து அழைப்பு வந்தது, போய் நின்றாள்.

"வழக்கமா போடறதைப் போட்டுடும்மா."

"முடியாது சார். அது பொய்."

"இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை போட்டிருக்கே. அப்பெல்லாம் வாயைத் திறந்தியா?"

"திறக்கல சார். இப்பத் திறக்கிறேன்."

செய்தி ஆசிரியர் அங்கேதான் இருந்தார். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம். குறிப்பைப் போடு, இல்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பு என்றார் ஆசிரியர். இவள் பையை எடுத்தாள். சால்வையை மடித்து அதற்குள் வைத்தாள். இவள் பஸ் ஏறுவதற்குள் செய்தி ஆசிரியரே அந்தக் குறிப்பைத் தளத்தில் ஏற்றிவிட்டார்: தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவர் குதித்தார். "ஒரு வரிதானே! போட்டுட்டு வந்திருக்கக் கூடாதா? இந்த வயசுல வேற வேலை கிடைக்கறது குதிரைக்கொம்பு."

"ஒரு வரிதான் அண்ணா. அதை உண்மையா எழுத அவங்களுக்கு என்ன கேடு?"

உண்மையைச் சொன்னால், எனக்கும் முதலில் இவள் மேல்தான் எரிச்சல். பிறகு அந்தக் குறிப்பை என் போனில் படித்தேன். என்னை ஊரார் முன்னால் அழவைத்த ஆள் யாரோ, அவர் நிம்மதியாக இருக்க, என் வீட்டுப் பெண் சாப்பாட்டு மேஜையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் போனில் எதையோ தட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள். குறிப்புக்குக் கீழே வாசகர்கள் கருத்து எழுதும் பெட்டி. தன் முழுப் பெயரைப் போட்டிருந்தாள். "அந்தத் தொழில்நுட்பம் நான்தான். எனக்கு ஒரு கோளாறும் இல்லை. மெஷின்களுக்கும் இல்லை. செய்தியை உறுதி செய்யாமல் ஒரு மனிதர் அனுப்பினார். ஐயாவிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியது அவர்."

"என் கணக்குப்படி ரெண்டு பேர் படிச்சுப் பாக்கணும் அண்ணி," என்றாள். "நான் பாத்துட்டேன்."

நான் இரண்டு முறை படித்தேன். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தச் சொன்னேன். பிறகு நானே அழுத்தினேன். என் கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவள் போன் ஓயவில்லை. அந்த நடிகரின் மகளும் கீழே பதில் எழுதியிருந்தாள்: "அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா சொல்லச் சொன்னது: மேடையில் எத்தனையோ தடவை செத்திருக்கிறேன், எனக்கே சொல்லாமல் செத்தது இதுதான் முதல் தடவை."

ஆசிரியர் மூன்றாம் மாடிக்குப் போன் போட்டு, அந்தக் கருத்தை உடனே நீக்கு என்று கத்தினாராம். எடுத்தவர் இவளோடு வேலை பார்க்கும் தாடிக்காரர். பயந்த சுபாவம், ஆசிரியரைப் பார்த்தாலே படிக்கட்டு மாறிப் போகிறவர். அவர் சொன்னாராம், "எவ்வளவோ ட்ரை பண்றேன் சார். டெலீட் ஆகவே மாட்டேங்குது. தொழில்நுட்பக் கோளாறு சார்."

ராத்திரி படுக்கப் போவதற்குள் குறிப்பு மாறியது. "உறுதி செய்யாமல் வெளியிட்டோம். தவறு எங்கள் செய்தி ஆசிரியருடையது. அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்கிறோம்." ஆசிரியரே இவளைக் கூப்பிட்டு, நாளைக்கு வந்துவிடு என்றார். "ரெண்டு பேர் பூட்டு எல்லாருக்கும் உண்டுன்னா வர்றேன் சார். உங்களுக்கும் சேத்து" என்றாள். எனக்குமா என்று ஒருமுறை கேட்டார். பிறகு சரி என்றார்.

மறுநாள் சால்வையோடு கிளம்பிப் போனாள். அவள் எழுதிய கருத்து இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. தாடிக்காரரைக் கேட்டால், கோளாறு இன்னும் சரியாகவில்லை என்கிறார்.