சேலையில் குத்திய மைக்

எனக்குப் பயிற்சி வகுப்பு என்றாலே ஆகாது. வருடத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டு உட்கார வைத்து, கற்பித்தலில் தொழில்நுட்பம் என்று திரையில் எதையாவது ஓட்டிக் காட்டுவார்கள். டீயும் பிஸ்கட்டும் வரும்வரை தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இருபது வருடமாக அறிவியல் நடத்துகிறேன், சாக்பீஸ் இருந்தால் போதும் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அதை அடக்கியவள், எங்கள் திருவண்ணாமலைப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஆறாம் வகுப்பில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு காது மந்தமாகிக்கொண்டே வந்தது. காதில் மெஷின் உண்டு. ஆனால் அது என் குரலோடு ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுபடும் சத்தம், ரோட்டில் போகிற ஆட்டோ ஹாரன் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தது. நானோ பாதி நேரம் போர்டைப் பார்த்தே பேசுகிறவள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மார்க் சரிந்தது. வீட்டில் ரவிக்கை தைக்கிற அவள் அம்மா ஒரு நாள் வந்து, அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்க்கிறேன், தேறாவிட்டால் வெளியூரில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவள் என் மேஜைக்கு வந்தாள். “எனக்கு ஹாஸ்டல் வேணாம் மிஸ். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான் இருக்காங்க” என்றாள்.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் தன் போனை என் வாய்க்கு நேராக நீட்டி, “இப்ப சொன்னதையே இன்னொரு வாட்டி சொல்லுங்கக்கா” என்றார். சொன்னேன். நான் பேசப் பேசத் திரையில் தமிழ் எழுத்து ஓடியது. பேச்சை எழுத்தாக்குகிற செயலியாம், இலவசமாகவே கிடைக்கிறதாம். இத்தனை நாள் இது தெரியாமல் என்னத்தைக் கிழித்தேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. பள்ளி பீரோவில் தூங்கிக்கொண்டிருந்த டேப்லெட்டை எழுப்பி, அதில் செயலியைப் போட்டு, அவள் பெஞ்சில் வைத்தோம். ரீல்ஸ் எடுக்கிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்வார்களே, அந்த வயரில்லாத குட்டி மைக் ஒன்றைத் தேரடி வீதியில் வாங்கிவந்து சேலை மடிப்பில் குத்திக்கொண்டேன்.

முதல் நாள் ஒளிவிலகல் பாடம். நடுவில் வழக்கம்போல ஏதோ ஒரு மொக்கை ஜோக் அடித்தேன். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அதுவரை அவள் எப்படிச் சிரிப்பாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் இருப்பவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரும் முடிக்கிற நேரத்தில் ஆரம்பிப்பாள். அன்று யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, போர்டை அழிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் செயலி அவளைவிட என்னைத்தான் அதிகம் திருத்தியது. வகுப்பு முடிந்ததும் பேசியது முழுக்க எழுத்தாகச் சேமிப்பில் இருக்கும். வீட்டில் உட்கார்ந்து படித்துப் பார்த்தால் மானம் போனது. பாதி வாக்கியத்தை நான் முடிப்பதே இல்லை. “அதாவது அது வந்து” என்று ஆரம்பித்து வேறெங்கோ போய் நிற்கிறேன். மெதுவாகப் பேசப் பழகினேன், வகுப்பைப் பார்த்துப் பேசப் பழகினேன். பதில் சொல்கிற மாணவி மைக்கை வாங்கித்தான் சொல்ல வேண்டும் என்று வைத்தேன். கோரஸாகக் கத்துகிற கூட்டம் ஒவ்வொருத்தியாகப் பேசியது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் வீட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுகிற அடி அண்ணாமலைப் பிள்ளைகளுக்கும் அந்த எழுத்தை வகுப்பு குரூப்பில் போட்டுவிடுவேன். விட்ட பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு வேலை செய்துவிட்டு ஒரு வார்த்தை பெருமை பேசாத, அந்தச் செயலி மாதிரி ஒரு சக ஆசிரியரை நான் பார்த்ததே இல்லை.

அரையாண்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. அன்றும் பௌர்ணமி. பஸ்ஸையெல்லாம் திருப்பிவிட்டிருந்தார்கள். நடந்தே வந்து சேர்ந்தேன், தலை விண்ணென்று தெறித்தது. பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அந்தப் பக்கம் வந்த கணக்கு டீச்சர், “என்னக்கா, முகமே சரியில்ல?” என்று கேட்டார்.

“ஒருத்திக்காக நிறுத்தி நிறுத்திப் பேசி எனக்கு வேலை ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. பேசாம ஹாஸ்டலுக்கே போயிட்டாள்னா அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அவள் படம் வரையவில்லை. டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சேலையில் மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். எத்தனையோ நாள் வேதியியல் பெயர்களைக் கண்டபடி எழுதிய செயலி அன்றைக்கு ஓர் எழுத்துப் பிழைகூட விடவில்லை.

கடைசி மணி அடித்து எல்லோரும் வெளியே போனபின் அவள் எதிரில் உட்கார்ந்தேன். “நான் சொன்னது தப்புமா. தலைவலியில சொல்லிட்டேன்னு சமாளிக்கல. தப்புதான்” என்றேன். அதுவும் திரையில் ஓடியது. பொறுமையாகப் படித்தாள்.

“எல்லாரும் பேசுவாங்க மிஸ்,” என்றாள். “என்னப் பத்தின்னா அப்படியே திரும்பிக்குவாங்க, இல்லாட்டி மெதுவாப் பேசுவாங்க. நான் முகத்தப் பாத்து என்னன்னு யோசிச்சுனே இருப்பேன். இன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். அழுகை வந்துச்சு. ஆனா தெரியாம இருக்கிறதுக்கு இது பரவால்ல.”

அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மறுநாள் வருவாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாள், டேப்லெட்டை ஆன் செய்தாள். ஹாஸ்டல் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

அரையாண்டில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், கணக்கில் மட்டும் மயிரிழையில். அவள் அம்மாவுக்கு அது போதவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் மேஜை முன்னால் நின்று, மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “மறைக்காம சொல்லுங்க டீச்சர். இவள வெச்சுனு உங்களுக்குக் கஷ்டமா இருக்குதா? ஹாஸ்டல்லயே விட்டுடட்டுமா?”

பின்னால் அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு நிமிஷம் இருங்கம்மா” என்று டேப்லெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மைக்கை அம்மாவின் முந்தானையில் குத்திவிட்டு, “இப்ப கேளுங்க” என்றேன். அவர் தயங்கினார். மகளைப் பார்த்தார். பிறகு அதையே மறுபடி கேட்டார், இந்தத் தடவை சத்தமாக.

மைக்குக்குப் பக்கத்தில் குனிந்து, “வேலை ஜாஸ்திதாம்மா. பொய் சொல்லல. ஆனா அவ இங்கயே படிக்கட்டும். எனக்கு அவ வேணும்” என்றேன்.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசி வரி வந்து நிற்கும்வரை படித்தாள். பிறகு அம்மாவின் முந்தானையிலிருந்து மைக்கைக் கழற்றித் தன் சட்டையில் குத்திக்கொண்டாள்.

“நான் போகலமா.”