சூட்டில் வைத்த டேப்பெட்

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்த சமயம் அது. கள்ளக்குறிச்சியில் பம்ப்செட் மேஸ்திரியாக நான் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தேன். அறிவியல் வாத்தியார் தேவசகாயம் ஒருநாள் விடிந்ததும் ஒரு குட்டி விமானத்தோடு பட்டறைக்கு வந்தார். அதில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். ஓடியது, ஆனால் இழுவை இல்லை. அன்றைக்குக் கல்வி அதிகாரி பார்க்க வருகிறார். பறக்காவிட்டால் பிள்ளைகளின் விமான மன்றத்தை மூடிவிடுவார்கள்.

ஓட்டிப் பார்த்தேன். வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே இடைவெளி, அதாவது கேப், ஜாஸ்தி. எங்கள் தொழிலில் விவசாயி மடையில் காத்திருப்பான். எஞ்சின் ஆறட்டும் என்று உட்கார முடியாது. நிறுத்திய சூட்டோடு அளவுக்குப் பீடிக்கட்டுத் தாளைச் செருகி கேப்பை வைத்துவிடுவோம். இதற்கும் அப்படியே வைத்தேன்.

கையில் புத்தகத்தோடு வாத்தியார் வாயைத் திறந்தார். "மேஸ்திரி, இதுல இன்னா போட்டிருக்குன்னா..."

"சார், பத்து எச்.பி. எஞ்சினையே பிரிச்சு மாட்றவன் நானு. இந்தச் சுண்டைக்காய்க்குப் புக்கு வேறயா?"

எஞ்சின் உறுமியது. பஸ் ஓடவில்லை. சாய்ந்த புளியமரங்களைத் தாண்டி பள்ளி மைதானத்துக்கு நடந்தே போனோம், வழியெல்லாம் நான்தான் என் தொழில் பெருமையைப் பேசிக்கொண்டு வந்தேன். டேப்பெட் சாவியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டேன். நான் வைத்தது வைத்ததுதான், சாவி எதற்கு என்ற திமிர்.

அதிகாரியும் மரம் தாண்டித்தான் வந்தார், மூன்று மணி நேரம் லேட்டாக. வந்தவர் நேரம் தவறாமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்.

அதற்குப் பிறகு புரொப்பெல்லரைச் சுற்றினால் லொடலொடவென்று சுற்றுகிறது. கம்ப்ரஷனே இல்லை. அலுமினிய சிலிண்டர் ஆறிச் சுருங்கியதில் சூட்டில் வைத்த கேப் இல்லாமல் போய், வால்வு மூடவில்லை. திருத்தச் சாவியும் கையில் இல்லை. பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"இன்னாபா, கெளம்புமா? நான் போய்க்கினே இருக்கட்டுமா?" என்றார் அதிகாரி.

டீக்கடைக்கு ஓடினேன். பாய்லர் வெந்நீரில் துணியை நனைத்து வந்து, சிலிண்டர் மறுபடி விரியட்டும் என்று எஞ்சினுக்கு ஒத்தடம் கொடுத்தேன்.

"அதுக்கு இன்னா, காய்ச்சலா?" என்றார் அதிகாரி.

மூன்றாவது ஒத்தடத்தில் புரொப்பெல்லர் கைக்கு இறுகியது. சுண்டினேன், பிடித்துக்கொண்டது. வாத்தியார் விமானத்தில் கட்டிய கம்பியின் நுனியைப் பிடித்து நிற்க, விமானம் அவரைச் சுற்றி வட்டமடித்தது. எனக்கு உயிர் வந்தது. மன்றமும் பிழைத்தது. தம் பேச்சுதான் பிள்ளைகளுக்கு ஊக்கம் தந்தது என்று அதிகாரி நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.

டீக்கடையில் ஒப்புக்கொண்டேன். "சார், தப்பு என்னுது. சூட்டுல வச்சிருக்கக் கூடாது."

"தெரியும் மேஸ்திரி. ஆறினப்புறம்தான் வைக்கணும்னு மொத பக்கத்துலயே போட்டிருக்கு."

"அட, காலையிலயே சொல்றதுக்கு இன்னா சார்?"

"நீங்க எங்க சொல்ல வுட்டீங்க? அந்த அதிகாரியாவது ஒரு மணி நேரத்துல பேச்சை முடிச்சாரு."

அன்றிலிருந்து எஞ்சின் ஆறிய பிறகுதான் டேப்பெட்டில் கை வைக்கிறேன். எஞ்சினைக் கொண்டுவந்தவர் என்ன சொல்ல வருகிறார் என்பதை, அது ஆறுகிற நேரத்தில் கேட்டுக்கொள்கிறேன்.