நீளப் பொத்தான்

என் நாத்தனார் வெப்சைட் எழுதிப் பிழைப்பவள். எங்கள் வீட்டு மாடியறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, இரண்டு திரை, ஆறிப்போன காபி. அதுதான் அவள் ஆபீஸ். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ அண்ணி" என்பாள். அந்த இதோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தப்பு யாருடையதாக இருந்தாலும் முதலில் தன் எழுத்தில்தான் தேடுவாள். அவள் அப்படிப்பட்டவள் என்பதால்தான் அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு, வருகிறவர்களைப் பதியும் பக்கத்தை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். அங்கே எனக்கு வேலை வாங்கித் தந்ததும் அவளே. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவேன். பெயர், வயது, போன் நம்பர் என்று கட்டங்கள் இருக்கும். ஒன்றைக் காலியாக விட்டாலும் சிவப்பு எழுத்து வந்து நிற்கும், பக்கம் நகராது. வரிசை வாசல்வரை நிற்கும்போது யாராவது நம்பர் தெரியாது என்றால் அந்தக் கட்டத்திலேயே மாட்டிக்கொள்வேன். ஒருநாள் கைதவறி, கீபோர்டில் கீழே இருக்கும் நீளப் பொத்தானை அந்தக் கட்டத்தில் தட்டிவிட்டேன். சிவப்பு மறைந்தது, பக்கம் நகர்ந்தது. கடவுளே வழி காட்டிவிட்டார் என்று கண்ணை மூடி நன்றி சொன்னேன். அப்புறம் எட்டு மாதம் அந்த வழியிலேயே போனேன்.

ஒரு காலையில் டாக்டரம்மா ஒரு ரிப்போர்ட்டோடு வந்தார். ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது, இந்த ஆள் இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றார். பார்த்தால் போன் நம்பர் கட்டத்தில் ஒன்றுமில்லை. நாத்தனாரை வரச்சொன்னார்கள். நீ எழுதின லட்சணம் இதுதானா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கட்டம் காலியா இருக்கான்னு மட்டும்தான் பாக்கச் சொல்லியிருக்கேன் அண்ணி. வெறும் இடைவெளியத் தட்டி வச்சா, ஏதோ எழுத்து இருக்குன்னு அது நம்பிடுது. ரெண்டையும் பாத்திருக்கணும். என் தப்பு."

"சரி விடும்மா" என்றேன். அந்த வார்த்தை என் வாயில் எப்படி வந்ததோ.

கவுண்டரில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவோம். தட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆளை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முந்தாநாள் வந்தவர், சட்டையெல்லாம் நூல் துணுக்கு. போன் மகளிடம் இருக்கிறது, நம்பர் மனப்பாடமில்லை, பஸ் நிலையத்துக்குப் பின்னால் யூனிபாரம் தைக்கும் கடையில்தான் இருப்பேன் என்றார். அதைக் கேட்டுக்கொண்டேதான் பொத்தானைத் தட்டினேன். இடத்தைச் சொன்னால் நான் செய்ததும் சேர்ந்து வெளியே வரும்.

கைகழுவும் இடத்தில் போய் நின்று பிரார்த்தனை செய்தேன். என்னவென்று? அவரை இவர்களே எப்படியாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று. ஒரு மணி நேரம் போயிற்று. எழுதவே கூசுகிறது.

கடைசியில் நாத்தனாரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றேன். அதே பெயர் நம்பரோடு வேறெங்காவது இருக்குமா என்று பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தட்டினது நான்தாம்மா. அவரு தையல்காரரு. கடை எங்கன்னு தெரியும்."

திட்டியிருந்தால் தேவலை. "வண்டியில ஏறுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

கடையில் அவர் மிஷின்மேல் தலை சாய்த்துக் கிடந்தார். ராத்திரி தூக்கம் இல்லையாம், அதான் அசந்துட்டார் என்றார் பக்கத்து மிஷின்காரர். தொட்டேன், கொதித்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொள்வார் என்றார்கள். இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை என்றும் சொன்னார்கள்.

சாயங்காலம் அவர் மனைவி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தேடி வந்து காப்பாத்திட்டீங்களேக்கா" என்று அழுதாள். நாத்தனார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசாமல் இருந்திருந்தால் அவளும் பேசாமல் இருந்திருப்பாள், எந்தக் காலத்திலும்.

"நம்பர எழுதாம விட்டதே நான்தாம்மா" என்றேன். "காலைல கடை தெரிஞ்சும் ஒரு மணி நேரம் சொல்லாம இருந்தேன்."

அவள் என் கைகளை மெதுவாக விட்டாள். பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்தாள். நாத்தனார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கும் இடம் இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.