அட்டைப்படத்து அக்கா

ஆட்டையாம்பட்டியில் எங்கள் தறிக்கொட்டகையில் ஓடியதெல்லாம் கட்டம் போட்ட துணி. இங்கே அது லுங்கி. கப்பலேறிப் போனால் சீமையில் அதையே பெண்கள் கவுனாகத் தைத்துப் போடுகிறார்கள் என்று மெட்ராசிலிருந்து வரும் ஏஜென்ட் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "ஏனுங்க, லுங்கியப் போயி பொம்பளைக போடுவாங்களா?" என்று சிரித்தார். அடுத்த தடவை ஏஜென்ட் ஒரு வழவழப்பான புத்தகத்தோடு வந்தார். அதில் ஒரு படத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி நடுவில் நிற்க, அவளுக்குப் பின்னால் ஓரமாக, பாதி உடம்பு மட்டும் தெரியும்படி ஒரு கறுப்புப் பெண். எங்கள் துணி அந்தக் கறுப்புப் பெண் மேல்தான் இருந்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. நான் கறுப்பு. மாநிறம் என்று சொல்லிச் சமாளிக்கக்கூடிய கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்ததும் "கறுப்புக்கு நகை போட்டுக் கண்ணால பாரு, செவப்புக்கு நகை போட்டுச் செருப்பால அடி" என்பார்கள். ஆறுதலாம்! கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறுதல் சொல்லும்படி இங்கே என்ன இழவு விழுந்துவிட்டது?

மறுவருஷம் வந்த புத்தகத்தில் அந்தக் கறுப்புப் பெண் தனியாக ஒரு முழுப் பக்கத்தில் நின்றாள். அதற்கும் பிறகு வந்தது ஏதோ பெரிய பத்திரிகை. அட்டையிலேயே அவள் முகம். "ஆரம்பத்துல வாசலோட திருப்பி அனுப்பிச்சாங்களாம் சார். இப்போ பாரிஸ்ல இவ எப்ப வருவான்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க" என்றார் ஏஜென்ட். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் நம்ம தறி ராசிங்க! நம்ம துணியத் தொட்ட நேரம், எங்கியோ போயிட்டாங்க பாருங்க" என்று சொல்லி, அட்டையைக் கொட்டகைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அத்தனை சத்தத்திலும் எனக்குக் கேட்கும்படி கத்துவார்கள். "அம்மிணி, உங்கக்கா இன்னைக்கு என்னமா மின்னுறாங்க!" "அம்மிணி, அக்கா எப்பங்க ஊட்டுக்கு வாராங்க?" அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்குக் கூசிப் போகும். கொட்டகைப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். சேலத்து ஸ்டுடியோக்காரர் என் முகத்தில் பவுடரை அப்பச் சொல்லி, விளக்கை நேரே போட்டு, போதாததற்கு நெகட்டிவில் பென்சிலால் தீட்டி, என்னை வெளுத்துக் கொடுத்தார். "மகாலச்சுமியாட்டவே இருக்கற சாமி" என்றாள் அம்மா. எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. படத்தில் இருந்தவளாகவே ஆகிவிட்டால் தேவலை என்றிருந்தது.

படத்தைப் பார்த்து வாழப்பாடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம். அதற்கு முன் மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. இதுவும் போனால் ஊர் வாயை மூட முடியாது என்று அம்மா இல்லாத தெய்வத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தாள். நான் காப்பித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு, என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பொண்ண வரச் சொல்லுங்க, நேரமாவுது."

"இதுதானுங்க பொண்ணு" என்றாள் அம்மா.

அந்தம்மா பையைத் திறந்து ஸ்டுடியோ படத்தை எடுத்தார். என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா விருட்டென்று எழுந்து வெளியே போனார். எங்களை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். கொட்டகைச் சுவரிலிருந்து அந்த அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் வைத்தார்.

"இந்தம்மாளப் பாருங்க. இவங்க மூஞ்சியப் பாக்கச் சீமையே காத்துக் கெடக்குது. எம் பொண்ணும் இதே நெறந்தானுங்க. என்னங்க கொறச்சல்?"

மாப்பிள்ளையின் மாமா வெடித்துச் சிரித்தார். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு! சும்மாவா சொன்னாங்க?" கூட்டி வந்த தரகரும் சிரித்தார். பஜ்ஜியைத் தொடாமலே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா! அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வந்தவர்கள் மேல் கோபம் வரவில்லை, பாருங்கள். அப்பா மேல்தான் வந்தது. "அந்தக் கருவாச்சியோட என்னை எதுக்குங்கப்பா சோடி சேத்தீங்க? அந்தச் சனியன இனி என் கண்ணுல காட்டாதீங்க!" என்று கத்தினேன். ஊரார் எனக்கு வைத்திருந்த பேர்தான் அந்தக் கருவாச்சி. அப்பா அட்டையைத் துண்டால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு அது சுவருக்குத் திரும்பவில்லை. ஏஜென்ட் புதுப் புத்தகம் கொண்டு வந்தாலும், நான் வருவதைப் பார்த்ததும் அப்பா அதை நூல் மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிடுவார்.

கடைசியில், படமே கேட்காத ஒரு லாரிக்காரருக்கு நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டேன். மகள் பிறந்தாள். நிறத்தில் என்னை உரித்து வைத்திருந்தாள்.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், வீடு மாறுவதற்காக என் கல்யாணப் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தேன். சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினால், அதற்கும் கீழே அந்த அட்டை. மூலைகளில் ஆணி ஓட்டை. கல்யாணத்தன்று அப்பா வைத்து அனுப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மகள் அதற்குள் பெட்டியிலிருந்து ஸ்டுடியோ படத்தை எடுத்திருந்தாள். "இது யாரும்மா?"

"நாந்தான் சாமி."

அவள் நம்பவில்லை. உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "இதுதானே நீயி!"

"ச்சீ! நான் எதுக்கு அப்படி இருக்கறேன்?"

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

அவள் அட்டையைப் பார்த்தாள். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "நல்லாத்தானேம்மா இருக்கறாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

என் மகளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.