கேபிளை மாற்றியது யார்

மைசூர் ஹெப்பாளில் ஒரு டயர் கடையின் மாடியில் நானும் என் நண்பனும் சேர்ந்து இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் தொழில் நடத்தினோம். ஃபேக்டரிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் போகிறவர்கள் சுற்றியுள்ள தெருக்களில் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். செல்போனில் இன்றுபோல் நெட் ஓடாத காலம். மொட்டை மாடி வழியாக வீட்டுக்கு வீடு ஒயர் இழுத்து நாங்கள்தான் கொடுத்தோம்.

அவன் குடும்பம் கௌதள்ளி, என்னுடையது மார்டள்ளி, இரண்டும் தமிழ்நாட்டு எல்லையோர ஊர்கள். இருவரின் அப்பாக்களும் கட்டட வேலைக்காக மைசூர் வந்தவர்கள். நாங்கள் டிப்ளமோவில் ஒரே பெஞ்சு. அவன் ஏணி ஏறுவான், வாடிக்கையாளர்களோடு பேசுவான். கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

அந்த ஒரு கம்ப்யூட்டரை நம்பித்தான் தொழிலே இருந்தது. லினக்ஸ் போட்ட பழைய பெட்டி. அதன் பின்பக்கம் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒன்றில் வெளியிலிருந்து வரும் லைன், மற்றதில் வீடுகளுக்குப் போகும் லைன். கம்ப்யூட்டர் எழும்போது இரண்டு கார்டுகளுக்கும் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும், ஈத் ஜீரோ, ஈத் ஒன் என்று. ஈத் ஜீரோ வெளி லைன், ஈத் ஒன் வீடுகள் என்று நான் எழுதிவைத்திருந்தேன். பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

கோடையில் கரண்ட் அடிக்கடி போக ஆரம்பித்தது. எங்கள் யூ.பி.எஸ். அதிக நேரம் தாங்காது. கரண்ட் திரும்பியதும் பெட்டி தானாக எழுந்துகொள்ளும். சில நாள் எல்லாம் சரியாக இருக்கும், சில நாள் ஒரு வீட்டிலும் நெட் வராது. முதல் தடவை எல்லாவற்றையும் குடைந்து பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டு கேபிள்களையும் இடம் மாற்றிச் செருகினேன். உடனே வந்துவிட்டது.

"பின்னாடி தூசி தட்டறப்ப கேபிளக் கழட்டுனியா?" என்று அவனைக் கேட்டேன்.

"நான் எதுக்குடா அங்க கை வெக்கறேன்?"

அடுத்த முறை அவன் முதலில் வந்து, நான் செய்ததைப் போலவே கேபிள்களை மாற்றிப் போட்டு நெட்டை வரவழைத்திருந்தான். "நேத்து கடைசியாப் பூட்டுனது நீதானே?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அறைக்கு இரண்டே சாவி, ஆளுக்கு ஒன்று. இரண்டு கேபிளும் ஒரே நீலம். ஒன்றில் டேப் சுற்றி அடையாளம் வைக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய கேபிள் ஆபரேட்டர் எங்கள் ஏரியாவுக்குள் வந்தார். என்னை ஓட்டலில் உட்காரவைத்து, தன்னிடம் வேலைக்கு வரும்படி கேட்டார். மறுத்துவிட்டேன். நாங்கள் உட்கார்ந்து பேசியதை மட்டும் யாரோ நண்பனிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் நெட் போய், வீடுகளிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்த ஒரு காலையில் அவன் கேட்டான்.

"அவரோட காபி குடிச்சியாமே?"

"வேலைக்குக் கூப்பிட்டாரு. வரலன்னுட்டேன்."

"எங்கிட்ட சொல்லல."

"போகல இல்ல, சொல்றதுக்கு என்ன இருக்குது?"

அவன் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். "கேபிள் தானாக் கழண்டு தானா மாறிக்குமா குரு?" என்றான். மைசூரில் நண்பர்கள் ஒருவரை ஒருவர் குரு என்பது சகஜம். அன்று அவன் சொன்ன விதம் அப்படி இல்லை.

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கினேன். அவன் கூப்பிடவில்லை. என்னைக் கழற்றிவிட அவனே இதைச் செய்கிறான் என்று நானும் நினைத்தேன். வீட்டில் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

பிறகு ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சில வருடங்கள் கழித்து, கூட வேலை செய்யும் பெண் ஒருவர் புது சர்வர் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கார்டின் நம்பருக்கும் நேராக ஒரு பெயரை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து எதற்கு என்று கேட்டேன்.

"ரீபூட் ஆகறப்ப எந்தக் கார்டு மொதல்ல ரெடியாகுதோ, மொதல் பேர் அதுக்குப் போயிடும். அதான் கார்டோட சொந்த நம்பருக்குப் பேரைக் கட்டிடறது. அப்புறம் மாறாது."

"யாரும் கேபிளைத் தொடாமயே மாறிடுமா?"

"கேபிள் அங்கயேதான் இருக்கும், பேர்தான் மாறும். யாக்கே, ஏன் கேக்கறீங்க, என்னாச்சு?"

ஒன்றுமில்லை என்றேன். அன்று கம்பெனி பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. இரண்டு பேரும் அறையில் இருக்கும்போது பெட்டியைச் சில தடவை அணைத்துப் போட்டிருந்தால் போதும், கண்ணெதிரே தெரிந்திருக்கும். அதற்குப் பதிலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவனைத் தேடிப் போனேன். ஹெப்பாளுக்குப் பக்கத்தில் மேட்டகள்ளியில் சி.சி.டி.வி. கேமரா பொருத்தும் கடை வைத்திருந்தான். எழுந்து நின்று, "வாங்க" என்றான். நாற்காலி போட்டான். எதிர்க் கடையிலிருந்து காபி வந்தது. நான் தெரிந்துகொண்டதை எல்லாம் சொன்னேன்.

"தெரியும்," என்றான். "நீங்க போனதும் பூட்டை மாத்திட்டேன். சாவி எங்கிட்ட மட்டுந்தான். கரண்ட் போய் வந்துச்சு, மறுபடியும் அதே மாதிரி ஆயிருச்சு. ஏன்னு தெரியல, ஆனா நீங்க இல்லைன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன்டா வரல?"

"உங்க தெரு முனை வரைக்கும் வந்தேன். என்னன்னு சொல்லிட்டு உள்ள வர்றது? வண்டியத் திருப்பிட்டேன்."

நானும் அவனைத்தான் சந்தேகப்பட்டேன் என்றேன். மெல்லச் சிரித்தான். "அது நியாயந்தானே. இருந்தது ரெண்டு பேர்தான." ஒவ்வொரு தடவையும் கேபிளை மாற்றிப் போட்டுக்கொண்டே கொஞ்ச காலம் ஓட்டியிருக்கிறான். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் பெரிய ஆபரேட்டரிடம் போன பிறகு அறையைக் காலி செய்திருக்கிறான்.

பேச நிறைய இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன். அவன் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டேன், என் வீட்டுக் கடனைப் பற்றி அவன் கேட்டான். நான் "டா" போட்டுப் பேசிய ஒவ்வொரு தடவையும் அவன் "நீங்க" என்றே பதில் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அவன் வாய் அப்படிப் பழகிவிட்டது. கிளம்பும் நேரத்தில் நானும் "வரேங்க" என்றுதான் சொன்னேன்.

ரோடு வரைக்கும் கூட வந்தான். "ஒரு நாள் குடும்பத்தோட வீட்டுக்கு வாங்க," என்றான். வருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்தேன். இன்னும் போகவில்லை. அவனும் மறுபடி கூப்பிடவில்லை.